விக்காவில் முதல் நிழலேடு: நோட்டு வாங்குவதிலிருந்து பதின்மூன்றாம் பௌர்ணமி வரை

விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு இயற்கை வழிபாட்டு மதம். அதைப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் தமக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். சடங்கு, மந்திரம், மூலிகை, நிலவுக் கணக்கு, கனவு எல்லாம் அதில் இருக்கும். 'புக் ஆஃப் ஷேடோஸ்' என்பது அதன் பெயர். நான் நிழலேடு என்கிறேன்.

எனக்கு ஒழுங்கான ஒன்று அமைய ஒன்றரை வருடமும் மூன்று நோட்டும் ஆயின. முதல் நோட்டு ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கியது. தோல் அட்டை, பித்தளைப் பூட்டு, ஓரம் கிழிந்த மாதிரி பழுப்புக் காகிதம். அதில் நாற்பத்தொரு பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் பார்த்துப் படியெடுத்தேன். ஓக் மரம், பனிக்காலக் கணப்பு, ஆப்பிள் அறுவடை. நான் வேலை பார்ப்பது திருப்பூரில், சொந்த ஊர் கோபிப் பக்கம். அந்த நாற்பத்தொரு பக்கத்தில் ஒன்றைக்கூட நான் செய்து பார்த்ததில்லை. செய்யவும் முடியாது.

குழு எதிலும் சேராமல் தனியாகப் பழகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விக்கா என்றால் என்ன என்று ஓரளவு படித்துவிட்டு, 'சரி, நோட்டை எங்கிருந்து தொடங்குவது' என்று நிற்கிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

1. முதல் நோட்டு மட்டமாகவே இருக்கட்டும்

நல்ல நோட்டு வாங்கினால் கை நடுங்கும். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டுமென்று தோன்றும். அப்புறம் எழுதவே மாட்டீர்கள். என் இரண்டாவது நோட்டு அப்படித்தான் போனது, ஆறு பக்கத்தோடு.

வாங்க வேண்டியது இவ்வளவுதான்: கெட்டி அட்டை போட்ட, கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு வாங்குவது போதும். நான் வாங்கியது 95 ரூபாய். கணக்கு எழுதும் சிவப்புத் துணி அட்டை நோட்டும் நன்றாக உழைக்கும். கோவை பெரிய கடை வீதிப் பக்கம் போனால் எல்லா அளவிலும் கிடைக்கும். பக்கம் சேர்க்கவும் எடுக்கவும் வசதி வேண்டுமென்றால் இரண்டு ஓட்டை ஃபைலும் ஏ4 தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேனா விஷயத்தில் கவனம். ஜெல் பேனா பார்க்க அழகு. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்தப் பக்கம் போச்சு. சடங்கில் தண்ணீர் இருக்கும், எண்ணெய் இருக்கும், மஞ்சள் இருக்கும். சாதாரண பத்து ரூபாய் பால்பாயிண்ட் பேனாதான் கடைசி வரை நின்றது. நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு எதற்கென்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

மொத்தச் செலவு 150 ரூபாய்க்குள் முடியும். அதைத் தாண்டினால் யாரோ உங்களிடம் ஏதோ விற்கிறார்கள்.

2. ஆவணம் எதுவும் வேண்டாம், கேட்பவரை நம்பவும் வேண்டாம்

விக்காவில் சேர விண்ணப்பம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. சாதிச் சான்றிதழுக்கும் கெஜட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழகுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் 'கிராஃப்ட் பெயர்' நோட்டுக்குள்ளே மட்டும் வாழ்கிற பெயர். ஆதார் நகலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கேட்டு 'சர்ட்டிபிகேட் தருகிறோம்' என்று என்னிடம் ஒருவர் வந்தார். கட்டணம் 6,500. நல்லவேளை, அந்த மாதம் சம்பளம் தள்ளிப்போனது.

இன்னொரு வலை, 'ஒரிஜினல் நிழலேடு' என்று விற்கப்படும் பி.டி.எஃப். கார்ட்னேரியன் போன்ற மரபு வழிக் குழுக்களில், தீட்சை கொடுத்தவரின் நோட்டைப் பார்த்துத் தீட்சை பெற்றவர் தன் கையால் படியெடுத்துக்கொள்வார். வெளியே காட்டுவதில்லை என்று சத்தியம் உண்டு. தீட்சைக்குக் காசு வாங்குவதில்லை என்பதும் அந்த மரபிலேயே இருக்கிற வழக்கம். ஆகவே 'பாரம்பரியமான அசல், சலுகை விலை' என்று யார் சொன்னாலும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே பொய் இருக்கிறது. தனியாகப் பழகுகிறவருக்கு அசல் என்று ஒன்று இல்லை. நீங்கள் எழுதுவதுதான் அசல்.

3. முதல் ஐந்து பக்கம்

முதல் பக்கத்தைக் காலியாக விடுங்கள். பிள்ளையார் சுழி போடலாமா என்று கேட்பீர்கள். நான் போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது, அழிக்க மனசு வரவில்லை.

முழுப்பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம் எழுத வேண்டாம். நோட்டு பஸ்ஸில் தொலைந்தால் கிடைத்தவர் கொண்டுவந்து தருவார் என்று எழுதினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நட்சத்திரமும் கத்தியும் வரைந்திருக்கிற நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

இரண்டாம், மூன்றாம் பக்கம் பொருளடக்கத்துக்கு. எல்லாப் பக்கத்துக்கும் இன்றே நம்பர் போட்டுவிடுங்கள். சலிப்பான வேலைதான், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். இதைச் செய்யாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து ஒரு மூலிகைக் குறிப்பைத் தேடி நோட்டு முழுக்கப் புரட்ட வேண்டியிருக்கும்.

நான்காம் பக்கத்தில் விக்காவின் அடிப்படை வாசகம்: யாருக்கும் தீங்கில்லாத வரை உன் விருப்பப்படி செய். செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்று பலரும் சேர்த்துக்கொள்வார்கள். மனதார நம்பினால் எழுதுங்கள், பழக்கதோஷத்துக்காக வேண்டாம். ஐந்தாம் பக்கத்தில், ஏன் இதைத் தொடங்குகிறீர்கள் என்று நான்கு வரி.

ஒரு எச்சரிக்கை. தீபன் எழுத்து என்று ஒன்று உண்டு, விக்காக்காரர்கள் ரகசியம் எழுதப் பயன்படுத்துவது. பார்க்கக் கொக்கி கொக்கியாக அழகாக இருக்கும். நான் அதில் மூன்று பக்கம் எழுதினேன். இப்போது எனக்கே படிக்க வரவில்லை. லத்தீன் எழுத்துக்கு ஏற்ற முறை அது. நம் ழகரமும் றகரமும் அதில் எங்கே உட்காரும்? தமிழில் எழுதுங்கள். ஆபீஸில் பாதிப் பேருக்கு என் தமிழ்க் கையெழுத்தே ரகசிய எழுத்துதான்.

4. திசைப் பக்கம்: படியெடுக்கும் முன் மாடிக்குப் போய்ப் பாருங்கள்

விக்காவில் வட்டம் போடும்போது, அதாவது சடங்கு செய்யும் இடத்தைச் சுற்றி எல்லை வகுக்கும்போது, நான்கு திசைக்கும் நான்கு பூதம் சொல்வார்கள். வடக்கு நிலம், கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர். ஐந்து முனை நட்சத்திரத்தில் ஐந்தாவது முனை ஆன்மா. நமக்கு ஐம்பூதம் பழக்கம் என்பதால் உடனே ஆகாயத்தைக் கொண்டுபோய் அங்கே வைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

தெற்கு நெருப்பு என்று எழுதியவர்கள் இங்கிலாந்தில் இருந்தவர்கள். அங்கே வருடம் பூராவும் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். நம் ஊர் சுமார் 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த இரண்டுக்கும் நடுவே நண்பகலில் அது நமக்கு வடக்கே. இங்கே நண்பகல் என்றால் கடிகாரத்தில் 12.20 சுமாருக்கு. ஜூன் 21 அன்று அந்த நேரத்துக்கு மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே விழும். படித்தபோது நான் நம்பவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பனியன் கம்பெனி மாடியில் ஒரு மூங்கில் கழியை நிறுத்திப் பார்த்தேன். தெற்கேதான் விழுந்தது, கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட.

காற்றும் அப்படித்தான். கிழக்கு என்கிறது அந்த அட்டவணை. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்டால் நமக்குக் காற்று மேற்கிலிருந்துதான். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் எதற்கு நிற்கின்றன? மழை என்றால் ஐப்பசியில் கிழக்கிலிருந்து. அதனால் என் நோட்டில் காற்று மேற்கு, நீர் கிழக்கு. நெருப்பைத் தெற்கிலேயே விட்டிருக்கிறேன், அடுப்படியும் அந்தப் பக்கம்தான்.

நீங்களும் மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் மரபு அட்டவணை, வலப்பக்கம் காலி. நீங்கள் பார்த்ததை வைத்து, தேதி போட்டு, வலப்பக்கத்தை நிரப்புங்கள். முதல் மாதத்திலேயே நிரப்பிவிடாதீர்கள். ஆடிக்காற்றும் ஐப்பசி மழையும் ஒரு முறையாவது போகட்டும்.

வட்டம் சுற்றும் திசைக்கு ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டாம். வலஞ்சுழி, இடஞ்சுழி என்று நம்மிடமே இருக்கிறது. கூட்டுவதற்கும் தொடங்குவதற்கும் வலம். கலைப்பதற்கு இடம்.

5. நாள் கணக்கு: இங்கேதான் பலரும் கவிழ்கிறார்கள்

பௌர்ணமிதான் விக்காவில் மாதாந்திர நாள். அதற்கு ஆப் எதுவும் வேண்டாம், சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் போதும். ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பௌர்ணமித் திதி முடிகிற கணம்தான் நிலவு முழுமையாகிற கணம். தாளில் 'பௌர்ணமி காலை 6.10 வரை' என்று சனிக்கிழமை போட்டிருந்தால், முழுநிலவுக்கு மிக அருகில் இருப்பது வெள்ளி இரவு. சனி இரவு தேய்பிறை தொடங்கிவிட்டது. அமாவாசைக்கும் இதே கணக்கு. வெளிநாட்டு அட்டவணைகள் சிலவற்றில் கிரீன்விச் நேரம் இருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். அங்கே வெள்ளி இரவு 10 என்றால் இங்கே சனி விடியற்காலை 3.30. இந்தக் கணக்கு தெரியாமல் முதல் நான்கு பௌர்ணமியில் மூன்றை ஒரு நாள் தள்ளிச் செய்திருக்கிறேன்.

வருடத்தில் எட்டுப் பெருநாள் உண்டு: டிசம்பர் 21 வாக்கில் யூல், பிப்ரவரி 1 இம்போல்க், மார்ச் 20 வாக்கில் ஓஸ்டாரா, மே 1 பெல்டேன், ஜூன் 21 லித்தா, ஆகஸ்ட் 1 லூனசா, செப்டம்பர் 22 வாக்கில் மேபன், அக்டோபர் 31 சாம்ஹெயின். இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அதற்கு மேல் படியெடுக்காதீர்கள். லூனசாவைப் பாருங்கள். அங்கே முதல் தானிய அறுவடை, புது மாவில் ரொட்டி சுட்டுப் படைக்கும் நாள். நமக்கு அது ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் அல்லது அதற்கும் முந்தின நாள். பவானிக் கூடுதுறையில் கூட்டம் நெரிகிற நேரம். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிற ஊரில் அது விதைக்கிற காலம். விதைக்கிற வாரத்தில் நின்று அறுவடைக்கு நன்றி சொன்னால் வாய் சொல்லும், கை நம்பாது. என் லூனசாப் பக்கத்தில் இப்போது ரொட்டி இல்லை. ஒரு கைப்பிடி சோளத்தை மண்சட்டியில் போட்டு, எத்தனை நாளில் முளைத்தது என்று எழுதுகிறேன்.

சிலது தானாகப் பொருந்தும். பிப்ரவரி 1 நமக்குத் தை மாதம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருக்கும், வேகவைக்கிற வாசனை ரோட்டு வரை வரும். சாம்ஹெயின் முன்னோர் நினைவு, நமக்கும் பழக்கமான காரியம்தான். லித்தாவும் யூலும் மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நமக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். 'ஒளி செத்துப் பிழைக்கிறது' என்று இங்கே எழுதினால் சிரிப்புத்தான் வரும். அந்த இரண்டு பக்கமும் இன்னும் காலியாகவே இருக்கின்றன.

6. மூலிகைப் பக்கமும் சிவப்புப் பேனாவும்

ரோஸ்மேரி, மக்வார்ட், ஒயிட் சேஜ் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஆன்லைனில் தேட வேண்டாம். ஒயிட் சேஜ் அமெரிக்கப் பழங்குடிகளின் பொருள், விக்காவுக்குச் சொந்தமில்லை. இருபது கிராம் வாங்க 700 ரூபாய் கொடுத்தேன், வீடு முழுக்க இருமல். மக்வார்ட் இருக்கிற அதே செடி இனத்தில் நம் மரிக்கொழுந்தும் வருகிறது. பூக்கடையில் முழம் போட்டுக் கிடைக்கும். பிராங்கின்சென்ஸ் என்று படித்தால் நாட்டுமருந்துக் கடையில் குந்திரிக்கம் என்று கேளுங்கள். குங்கிலியம் என்று கேட்காதீர்கள், அது வேறு மரத்துப் பிசின்.

ஒவ்வொரு மூலிகைக்கும் எழுத வேண்டியது: நம் ஊர்ப் பெயர், தாவரவியல் பெயர், எங்கே கிடைத்தது, புகையா நீரா பூச்சா, விஷமா இல்லையா. விஷம் என்றால் சிவப்பில். ஊமத்தை, அரளி, கண்வலிக்கிழங்கு மூன்றும் கட்டாயம் சிவப்பு. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கைக் காட்டில் பயிராகவே போடுகிறார்கள். பூ அவ்வளவு அழகு, மாநில மலர். கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும். 'அழகாக இருக்கிறது, பூசைத் தட்டில் வைப்போம்' என்று யோசிக்கவே வேண்டாம். காய்ச்சல், வலி என்றால் ஆஸ்பத்திரி. நோட்டு அதற்கில்லை.

7. பதிவு எழுதும் முறை

நோட்டின் உயிர் இந்தப் பகுதி. செய்த அன்றே, தூங்கும் முன் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நடந்ததை விட்டுவிட்டு நடந்திருக்க வேண்டியதை எழுதுவீர்கள். என் நோட்டிலிருந்து ஒன்று, அப்படியே:

"ஆனி, பௌர்ணமி. இரவு 8.40 முதல் 9.15. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி மறைவு. மேகம், நிலா இரண்டு தடவைதான் தெரிந்தது. மேற்குக் காற்று பலம். எதற்கு: வேலை மாறுவதைப் பற்றிய பயம் குறைய. செய்தது: வட்டம், நான்கு திசை, பயத்தைத் தாளில் எழுதி எரித்தல். தவறியது: மெழுகுவர்த்தி மூன்று தடவை அணைந்தது. நாலாம் தடவை தூக்குப்போசிக்குள் வைத்தேன், நின்றது. தாள் பாதி எரிந்து பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. போய் எடுத்து வந்தேன். 'காயப்போட்ட துணி' என்று சொன்னேன். மனசு: பசி, கொஞ்சம் சிரிப்பு. பலன்:"

'பலன்' என்பதற்குப் பிறகு ஐந்து வரி இடம் விடுங்கள். இரண்டு மாதம் கழித்து வேறு மையில் நிரப்ப வேண்டும். நான் நிரப்பியது: "வேலை மாறவில்லை. கேட்கவே இல்லை என்பதால். அடுத்த முறை முதலில் ரெஸ்யூமே அனுப்பு." பலிக்காததை எழுதாவிட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமே கிடையாது.

இன்னொருவர் மனதை மாற்றும் காரியம் எதுவும் வேண்டாம். ஊரில் அதற்கு வசியம் என்று பெயர், விக்காவின் அடிப்படை வாசகத்துக்கே விரோதம். யார் பெயரையும் நோட்டில் முழுசாக எழுதாதீர்கள்.

8. வீட்டில் பார்த்துவிட்டால்

பார்ப்பார்கள். மெத்தைக்கு அடியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் பார்ப்பார்கள். அம்மா நட்சத்திரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள், அல்லது நான் யாருக்கோ வைக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். பூசாரியிடம் நோட்டைக் கொண்டுபோகும் யோசனை வரை போனது. நான் செய்த தப்பு, 'உங்களுக்குப் புரியாது' என்றது.

அம்மிச்சிதான், அம்மாவின் அம்மா, நடுவில் வந்தார். "ஏங்கண்ணு, அதுல என்ன எழுதியிருக்கேன்னு படி, கேக்கலாம்" என்றார். நான் மூலிகைப் பக்கத்தைப் படித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கண்வலிக் கெழங்கத் தொளசிக்குப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கியே, நாளைக்குக் கொழந்தைக ஆராச்சும் எடுத்துப் படிச்சா?" சிவப்புப் பேனா அன்றைக்கு வந்ததுதான்.

ஆகவே பூட்டிவைக்காதீர்கள், கேட்டால் படித்துக் காட்டுங்கள். கேட்காதவர்களிடம் நீங்களாக விளக்கப் போகாதீர்கள், முக்கியமாகக் கல்யாண வீட்டில். விக்கா பழகுகிறவர்களில் பலர் தங்களை 'விட்ச்' என்பார்கள். தமிழில் அதற்கு எல்லோர் வாயிலும் வருகிற ஒரே சொல் சூனியக்காரி. அந்தச் சொல்லோடு சண்டை போட ஒரு ஆயுள் போதாது.

9. நல்ல நோட்டுக்கு மாற்றுவது

பதின்மூன்று பௌர்ணமி முடியட்டும், ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு மட்ட நோட்டை முதலிலிருந்து படித்து, மூன்று தடவைக்கு மேல் செய்ததை மட்டும் பென்சிலில் டிக் போடுங்கள். அதை மட்டும் நல்ல நோட்டுக்கு எடுத்தெழுதுங்கள். எனக்கு 140 பக்கத்தில் 17 பக்கம்தான் தேறியது.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. அந்த 1,850 ரூபாய் நோட்டையே எடுத்தேன். ஓக் மரமும் ஆப்பிளும் இருந்த நாற்பத்தொரு பக்கத்தையும் சேர்த்து நூலால் தைத்துவிட்டு, 42ஆம் பக்கத்தில் தொடங்கினேன். முதல் பதிவு கம்பெனி மாடியில் மூங்கில் கழியின் நிழல், ஜூன் 21, 12.20 சுமார், தெற்கு.

மட்ட நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், தவறியது எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டையும் தரையில் வைக்காமல் அலமாரி மேல்தட்டில் வையுங்கள், கரையான் சுலபத்தில் வராது. நடுவில் ஒரு வசம்புத் துண்டு போட்டால் பூச்சி அண்டாது. நாட்டுமருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குத் தருவார்கள். வாசனை போனதும் மாற்றிவிடுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது.